பத்தொன்பது தேவலைகள்

1957 செப்டம்பர் 23ஆம் தேதி காலை பத்தே கால் மணி வரையில் எனக்கு இடது கால் என்று தனியாக ஒன்று இருந்ததில்லை. இரண்டு கால்கள் இருந்தன, நடந்தன, அவ்வளவுதான். அதற்குப் பிறகு இந்த மூன்றேகால் வருஷமாக இடது கால் ஒன்றுதான் எனக்கு இருக்கிறது. மற்ற உடம்பெல்லாம் அதற்குத் துணையாகக் கூட வந்துகொண்டிருக்கிறது.

நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் கடைசியில் எல்லோருக்கும் நன்றி சொல்லி முடிப்பதைப் படித்திருக்கிறேன். எனக்கு அப்படி எழுத வரவில்லை. அந்த நாட்களை நினைத்தால் முக்கால்வாசி அருவருப்புதான் மேலே வருகிறது. இது தை மாதம். குளிர்ந்த காற்றில் கால் சற்று அடங்கியிருக்கிறது. இப்போது எழுதாவிட்டால் பங்குனி வெயில் வந்து எழுதவிடாது.

நான் ஸ்ரீரங்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறேன். 1946 முதல் நாட்குறிப்பு எழுதி வருகிறேன். காவிரியில் புதுத் தண்ணீர் வந்த தேதி, எங்கள் தெருவில் குழாய் போட்ட தேதி, பக்கத்து வீட்டுப் பசு கன்று ஈன்ற தேதி எல்லாம் அதில் உண்டு. ஆகவே இதில் வரும் தேதிகளையும் மணிக்கணக்கையும் வாசிப்பவர்கள் நம்பலாம். ஆஸ்பத்திரிகளின் பெயரையும் டாக்டர்களின் பெயரையும் எழுதப்போவதில்லை. எனக்கு நேர்ந்தது எந்த ஆஸ்பத்திரியிலும் நேரக்கூடியது.

அந்த வருஷம் ஊரெல்லாம் காய்ச்சல். எனக்கு நான்கு நாள் நூற்று மூன்று டிகிரி இருந்தது. என் கணவருக்கு ரயில் பட்டறையில் வேலை. லீவு கிடைக்காததால் அவருடைய தங்கை மங்களம்தான் என்னை ஜட்கா வண்டியில் ஒரு டாக்டரிடம் அழைத்துப்போனாள். அவர் நாக்கைப் பார்த்தார், பென்சிலின் என்று எழுதினார், கம்பவுண்டரிடம் அனுப்பினார். கம்பவுண்டருக்கு ஐம்பது வயதிருக்கும். நெற்றியில் பளிச்சென்று திருமண், பேச்சில் அப்படியொரு பணிவு.

"திரும்பிப் படுத்துக்கோங்கோ அம்மா. நான் அந்தப் பக்கம் பாத்துண்டுதான் போடுவேன். சங்கோஜப்படாதேங்கோ" என்றார்.

சொன்னபடியே செய்தார். முகத்தைச் சுவரிலிருந்த காலண்டர் பக்கம் திருப்பிக்கொண்டு, புடவைக்கும் பாவாடைக்கும் மேலாகவே ஊசியைக் குத்தினார்.

பிட்டத்திலிருந்து கால் சுண்டுவிரல் வரை மின்சாரக் கம்பியைத் தொட்டதுபோல் ஒரு வெட்டு வெட்டியது. நான் கத்தினேன். "ஆச்சு, ஆச்சு" என்றார். வெளியே வந்ததும் மங்களம் சொன்னாள்: "எவ்வளவு கௌரவமான மனுஷர் பாத்தீங்களா அண்ணி! ஏறெடுத்துக்கூடப் பாக்கலை." நானும் அவருக்கு நன்றி சொல்லிவிட்டுத்தான் நொண்டிக்கொண்டே வண்டி ஏறினேன்.

பின்னால் படித்துத் தெரிந்துகொண்டதை இங்கே சொல்லிவிடுகிறேன். உடம்பிலேயே பெரிய நரம்பு, கட்டைவிரல் பருமன் உள்ளது, பிட்டத்தின் கீழ்ப்பகுதி வழியாகக் காலுக்கு இறங்குகிறது. அங்கே ஊசி போடுவதென்றால் மேலே, வெளிப்பக்கமாக, கண்ணால் பார்த்து விரலால் அளந்து போட வேண்டும். அவர் காலண்டரைப் பார்த்துப் போட்டார். மருந்து நரம்புக்குள்ளேயே இறங்கிவிட்டது. பிட்டம் என்று எழுத எனக்கு இப்போது கூச்சமில்லை. கூசியதால் வந்த வினைதான் இவ்வளவும்.

காய்ச்சல் போயிற்று. பாதம் தொங்கிற்று. அக்டோபர் 4ஆம் தேதி உள்ளங்காலில் எரிய ஆரம்பித்தது. கொதிக்கும் பாலில் காலை விட்டு எடுக்க முடியாமல் நிற்பதுபோல என்று சொல்லலாம். அது கூடச் சரியில்லை. பால் ஆறும். இதுவோ ஒரு மணி நேரம் இருக்குமிடம் தெரியாமல் இருக்கும், பிறகு காரணமில்லாமல் ஏறும். விடியற்காலையில் குறையும். பத்து மணிக்கு மேல் வெயிலோடு ஏறி, இரண்டிலிருந்து ஐந்து வரை உச்சத்தில் நிற்கும். போர்வை பட்டால் ஏறும், காற்றுப் பட்டால் ஏறும். சமையலறையில் ஒரு தட்டு விழுந்தால் அந்தச் சத்தத்துக்கும் ஏறும்.

"சத்தம் காதுல கேக்கும்னு தெரியும் அண்ணி. கால்லகூட கேக்குமா?" என்றாள் மங்களம். அவள் எங்களோடுதான் இருந்தாள். சமையல் முழுவதும் அவள் தலையில் விழுந்திருந்த எரிச்சல் அவளுக்கு.

ஈரத்துணி ஒன்றுதான் சற்றுக் கேட்டது. பகலெல்லாம் பாதத்தில் நனைத்த துணியைச் சுற்றியே இருந்தேன். நாள் முழுக்க நனைந்திருக்கும் துணி எப்படி நாறும் என்பது ஈரத்துணியைச் சுருட்டி மறந்துபோன எவருக்கும் தெரியும். அதோடு வேர்வையும் சேர்ந்தது. அந்த ஒரு பாதம் மட்டும் ஓயாமல் வேர்க்கும். தோல் தக்காளித் தோல்போல் சிவந்து மினுங்கும். நகம் வெட்ட முடியாததால் விரல் நகங்கள் பறவை நகம் மாதிரி வளைந்து வளர்ந்தன. என் காலைப் பார்க்க எனக்கே குமட்டியது. பக்கத்து வீட்டு அம்மாள், என் கால் பட்ட இடத்தில் தண்ணீர் தெளித்துவிட்டு நடப்பதைப் பார்த்தேன். தொழுநோய் என்று யாரோ அவள் காதில் போட்டிருந்தார்கள்.

என் கணவர் அதிகம் பேசுகிறவர் அல்ல. நவம்பர் மாதம் ஒரு நாள் பட்டறையிலிருந்து வரும்போது மூன்று இரும்புக் கம்பிகளை வில்லாக வளைத்து, குறுக்கே பட்டை வைத்து இணைத்து, ஒரு கூண்டு கொண்டுவந்தார். அதைக் கால்மாட்டில் வைத்து மேலே போர்வையைப் போட்டால் துணி பாதத்தில் படாது. கம்பி கட்டிலில் உரசிச் சத்தம் வரக் கூடாதென்று ஆறு முனையிலும் பழைய வேட்டியைச் சுற்றியிருந்தார். அதிலிருந்து நான் தூங்க முடிந்தது. ஆனால் என் கால் பக்கம் அவர் உட்காருவதே இல்லை. இடித்துவிடுவோமோ என்ற பயம்.

1958 ஏப்ரல் 9ஆம் தேதி திருச்சியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் சேர்ந்தேன். நரம்பு சம்பந்தமான ஆப்பரேஷன் செய்யத் தெரிந்த பெரிய டாக்டர் ஒருவர் அங்கே இருப்பதாகப் பள்ளித் தலைமையாசிரியை விசாரித்துச் சொன்னார். காவிரிப் பாலத்தில் பஸ் குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலும் நினைவிருக்கிறது. வெளிநோயாளிகள் பெஞ்சில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தோம். என் ஈரத்துணியின் நாற்றம் பொறுக்காமல் ஒருத்தி எழுந்து தள்ளிப்போய் உட்கார்ந்தாள். அவள் வாயில் புகையிலை. துப்பியது என் பக்கத்துச் சுவரில்.

வார்டைப் பற்றி நாட்குறிப்பில் அன்றைக்கே எழுதியதைச் சுருக்கித் தருகிறேன். மெத்தையில் முன்னால் படுத்திருந்தவளின் கறை, இலங்கைப் படம் போன்ற வடிவில். கட்டில் இடுக்கில் மூட்டைப்பூச்சி. பினாயில் நாற்றத்துக்குள் மூத்திர நாற்றம், அதற்குள் யாரோ கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பு. கழிப்பறைக்கு ஒரே ஒரு தகரக் குவளை. அதே குவளையில் ஒரு ஆயா தண்ணீர் மொண்டு மாத்திரைக்குக் கொடுத்ததை இரண்டாம் நாள் பார்த்தேன். பிறகு மாத்திரையை உமிழ்நீரிலேயே விழுங்கினேன்.

முதலில் சர்க்கரை வியாதியா என்று சோதித்தார்கள். இல்லை. வைட்டமின் குறைவாக இருக்கலாம் என்று ஊசி போட்டார்கள். கேட்கவில்லை. தொழுநோயா என்று அறிய, உணர்ச்சி இருக்கிறதா எனப் பஞ்சால் தடவிப் பார்ப்பார்கள். அந்த நோயில் தொட்டால் தெரியாது. பெரிய டாக்டர் மாணவர்கள் ஏழெட்டுப் பேரை அழைத்துவந்து என் பாதத்தில் பஞ்சை வைத்தார். நான் அலறிவிட்டேன்.

"பஞ்சுக்கு யாராவது கத்துவாங்களாம்மா?" என்றார். மாணவர்கள் சிரித்தார்கள். அவர் அவர்கள் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னார். எனக்கு ஆங்கிலம் தெரியாதென்று நினைத்தார்போலும். ஹிஸ்டீரியா என்றார். உடம்பில் ஒன்றுமில்லாமல் மனசு செய்கிற கூத்து என்று பொருள்.

அங்கே வேலை பழகிக்கொண்டிருந்த ஒரு சின்ன டாக்டர் அம்மாள்தான் அன்று மாலை வந்து என் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து முதல் தடவையாக முழுக் கதையையும் கேட்டாள். அப்போதும் ஊசி போட்ட இடத்தை, "இடுப்பு ஓரமா" என்றுதான் சொன்னேன். என் கணவர் பக்கத்தில் நின்றார்.

"இதுக்குக் காஸால்ஜியான்னு பேர். நரம்பு பாதி அறுந்தும் அறுபடாமலும் இருந்தா வர்ற எரிச்சல். போர்ல குண்டு பட்ட சிப்பாய்ங்களுக்குத்தான் முதல்ல கண்டுபிடிச்சாங்க" என்றாள்.

"நான் எந்தப் போருக்கும் போகலையே டாக்டர்."

"ஊசி போட்டுக்கப் போனீங்களே."

அவள் விளக்கியது இது. வேர்வையையும் இரத்தக் குழாய் சுருங்கி விரிவதையும் பார்த்துக்கொள்ளச் சில நரம்புகள் இருக்கின்றன. அவை நம் விருப்பத்தைக் கேட்பதில்லை. தாமாகவே வேலை செய்யும். பெரிய நரம்பு காயம்பட்டால் சிலருக்கு இவை கலகம் செய்து எரிச்சலைத் தூண்டிவிடும். முதுகெலும்பு ஓரத்தில் அவற்றை ஊசியால் சில மணி நேரம் மரத்துப்போகச் செய்து பார்க்கலாம். எரிச்சல் நின்றால் நோய் இதுதான். பிறகு அவற்றை ஆப்பரேஷனில் வெட்டி எடுக்கலாம்.

"ஆனா முடிவு பெரியவருடையது. மூணு வாரம் பாத்துட்டுச் சொல்றேன்னிருக்கார். கேஸ் ஷீட்டுல தினமும் என்ன எழுதியிருக்கோ அதை வச்சுத்தான். இல்லேன்னா மனக்கோளாறுன்னு லெட்டர் கொடுத்து அனுப்பிடுவார்."

கேஸ் ஷீட் என்பது கட்டில் தலைமாட்டில் தொங்கும் நோய்க் குறிப்புத் தாள். மனக்கோளாறு என்ற கடிதத்தைப் பள்ளியில் கொடுத்தால் என்னை மறுபடி வகுப்பில் விடமாட்டார்கள். அது ஒருபுறம். அந்த எரிச்சலோடு சாகிறவரை இருக்க வேண்டும் என்பது மறுபுறம். அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

பெரிய டாக்டர் தினமும் காலை எட்டரைக்கு வருவார். அது எனக்கு எரிச்சல் குறைந்திருக்கும் நேரம். ஏப்ரல் 10ஆம் தேதி முதல் தடவை கட்டிலருகே நின்று, "எப்படிம்மா இருக்கு?" என்றார்.

"தேவலைங்க."

மறுநாளும் அதையே கேட்டார். நானும் அதையே சொன்னேன். நான் பேசத் தாமதித்த நாட்களில் என் கணவர் கைகட்டி நின்று, "தேவலைங்க டாக்டர்" என்றார். அவரும் இல்லாத அன்று மங்களம் சொன்னாள். வெளியூர்க்காரர்களுக்கு இது விளங்காது. எங்கள் பக்கத்தில் அது கேள்விக்குப் பதில் அல்ல, கும்பிடு மாதிரி. நம்மைப் பார்க்க வந்த பெரிய மனிதரிடம், அதுவும் காலை வேளையில், "தேவலை இல்லை" என்றால் உங்கள் மருந்து பலிக்கவில்லை என்று முகத்தில் அடித்ததாக ஆகும். டாக்டர் வந்தால் எழுந்து உட்கார வேண்டும், மாராப்பைச் சரி செய்ய வேண்டும், தேவலை என்று சொல்ல வேண்டும். எல்லோரையும்போல் நானும் அப்படித்தான் வளர்ந்தேன். அந்தக் கும்பிடுதான் கேஸ் ஷீட்டில் ஏறுகிறது என்று எனக்குத் தோன்றவில்லை.

அவர் போனபின் என் நோட்டுப் புத்தகத்தை எடுப்பேன். ஏப்ரல் 17: பத்து ஐம்பதுக்கு ஆரம்பம், இரண்டு மணிக்குத் தலையணை உறையைக் கடித்தேன், ஐந்து நாற்பதுக்குக் குறைந்தது. ஏப்ரல் 22: ஆயா வாளியைப் போட்டாள், அதிலிருந்து மூன்று மணி நேரம். இப்படிப் பக்கம் பக்கமாக.

அடுத்த கட்டிலில் பாலக்கரை கதீஜா பீவி. மாடிப்படியில் விழுந்து தொடை முறிந்து, மாவுக்கட்டோடு ஒன்றரை மாதமாகக் கிடந்தாள். எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே இருப்பாள்.

"ஏன் டீச்சரம்மா, காலையில அவரைப் பாத்து தேவலைங்கிறீங்க. மத்தியானம் அல்லாவே அம்மாவேன்னு அழறீங்க. ரெண்டுல எது பொய்?"

"ரெண்டும் பொய்யில்லை அக்கா. காலையில கொஞ்சம் கம்மிதான்."

"அப்ப அவரை மத்தியானம் வரச் சொல்லுங்க. இல்லாட்டி நீங்க காலையிலேயே அழுதுடுங்க."

நான் சிரித்தேன். சிரித்ததற்குக் கால் எரிந்தது.

ஏப்ரல் 28ஆம் தேதி மாலை சின்ன டாக்டர் கேஸ் ஷீட்டைக் கழற்றிக்கொண்டு வந்து என் மடியில் போட்டாள். கோபத்தில் அவள் மூக்கு நுனி சிவந்திருந்தது. ஏப்ரல் 10 முதல் அன்று வரை பத்தொன்பது வரிகள். ஒவ்வொன்றிலும் ஆங்கிலத்தில் ஒரே வார்த்தை. தேவலை.

"நாளைக்கு டிஸ்சார்ஜ். லெட்டர் டைப் ஆயாச்சு. நான் போய்ச் சண்டை போட்டா, 'பேஷண்டே தேவலைங்கிறாங்களே, உனக்கென்ன'ன்னு கேக்கறார். நான் என்ன சொல்றது?"

நோட்டுப் புத்தகத்தை நீட்டினேன். நின்றபடியே படித்தாள். பக்கங்களைத் திருப்பினாள்.

"இதெல்லாம் யாருக்கு எழுதி வச்சிருக்கீங்க டீச்சர்?" என்று கேட்டுவிட்டுப் போய்விட்டாள்.

அன்று எனக்கு வந்த அருவருப்பு மெத்தைக் கறை மேலோ குவளை மேலோ அல்ல. ஊர் நிகழ்ச்சிகளுக்கெல்லாம் பிசகாமல் தேதி போட்டு வைத்தவள், என் உடம்பைப் பற்றிய பத்தொன்பது பொய்ச் சாட்சியங்களை நானே சொல்லி, நானே பதிவாக விட்டிருக்கிறேன். அதற்குப் பெயர் மரியாதை. காலண்டரைப் பார்த்து ஊசி போட்டவனும் அதைத்தான் செய்தான்.

ஏப்ரல் 29, காலை எட்டு முப்பத்தைந்து. பெரிய டாக்டர், மாணவர்கள், நர்ஸ், சின்ன டாக்டர். மங்களம் துணிமணிகளை மூட்டை கட்டியிருந்தாள். என் கணவர் கைகட்டி நின்றார்.

"எப்படிம்மா இருக்கு?"

"தேவ..." என்று என் கணவர் ஆரம்பித்தார்.

"நீங்க சும்மா இருங்க" என்றேன். கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில் நாலு பேர் முன்னால் அவரை நான் அப்படிச் சொன்னதில்லை. "தேவலை இல்லைங்க டாக்டர். ஒரு நாளும் தேவலை இல்லை. பத்தொன்பது நாளும் நான் சொன்னது பொய்."

"அண்ணி!" என்றாள் மங்களம்.

பெரிய டாக்டர் தாளைத் தட்டினார். "பத்தொன்பது நாள் ஒண்ணு சொன்னீங்க. இன்னிக்கு வீட்டுக்குப் போன்னதும் வேற சொல்றீங்க. எதைம்மா நான் நம்பறது?"

"நீங்க எட்டரை மணிக்கு வர்றீங்க. எனக்கு எரியறது ரெண்டு மணிக்கு. ரெண்டு மணிக்கு வந்து பாருங்க. இன்னொண்ணு. ஊசி போட்ட இடத்தை இந்த ஏழு மாசமா ஒருத்தரும் பாக்கலை. போட்டவரும் பாக்கலை."

"பாக்கணும்னு நீங்க சொல்லலையே."

"நீங்களும் கேக்கலையே."

"கேளுங்க டாக்டரய்யா" என்றாள் கதீஜா பீவி, மாவுக்கட்டுக்குள்ளிருந்து. "மத்தியானமெல்லாம் இந்தப் புள்ளை படற பாட்டை நான்ல பாக்கறேன்."

மாணவர்களில் ஒருவன் சிரிக்கத் தொடங்கி நிறுத்திக்கொண்டான். பெரிய டாக்டர் முகம் கறுத்தது. ஆனாலும், "மறைப்பு வைங்க" என்றார் நர்ஸிடம். மறைப்புத் துணிக்கு உள்ளே சின்ன டாக்டர் மட்டும் வந்தாள். புடவையை விலக்கி, கண்ணால் பார்த்து, விரலால் தேடினாள். பிட்டத்தின் அடிப்பாகத்தில், உட்பக்கமாக, புளியங்கொட்டை அளவு ஒரு கட்டி இருந்தது. அதை அமுக்கினாள். சுண்டுவிரல் வரை அதே பழைய வெட்டு. என் கால் தானாக உதறிக் கட்டில் கம்பியில் மோதியது. நான் போட்ட கத்தலுக்கு வெளியே ஒருவரும் சிரிக்கவில்லை.

மறைப்புக்கு அப்பாலிருந்து பெரிய டாக்டர் குரல் வந்தது. "நாளைக்கு முதுகுல ஊசி போட்டுப் பாக்கலாம். எத்தனை மணிக்கும்மா வேணும் உங்களுக்கு?"

"ரெண்டு மணிக்குங்க."

மறுநாள் இரண்டு இருபதுக்குப் போட்டார். எரிச்சல் அப்போது உச்சத்தில் இருந்தது. என்ன ஆகும் என்று என்னிடம் சொல்ல வேண்டாம் என்று மற்றவர்களை எச்சரித்திருந்தார். நான் நடிக்கக் கூடும் என்ற சந்தேகம் அவருக்குப் போகவில்லை. குப்புறப் படுத்திருந்த என் முதுகில் நீண்ட ஊசி இறங்குவது ஆழத்தில் ஒரு கனம்போல் தெரிந்தது. பத்து நிமிஷம் ஒன்றுமில்லை. பிறகு யாரோ அடுப்பிலிருந்து கொள்ளிக்கட்டையை வெளியே இழுத்ததுபோல் எரிச்சல் இறங்கியது. இறங்கிக்கொண்டே போய் இல்லாமல் போயிற்று. திரும்பிப் படுக்க வைத்தார்கள். வேர்வை உலர்ந்திருந்தது. பாதம் வெதுவெதுப்பாக இருந்தது. அந்தக் கால் என்னுடையதுபோலவே இருந்தது.

பெரிய டாக்டர் பஞ்சை வைத்தார். நான் கத்தவில்லை. விரலால் தொட்டார். இல்லை. வெகுநேரம் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"யாராவது நல்லா அழுத்திப் பிடிச்சுப் பாருங்க" என்றார்.

நர்ஸ் வருவதற்குள் என் கணவர் வந்துவிட்டார். வீட்டிலிருந்து கொண்டுவந்திருந்த கம்பிக் கூண்டைத் தூக்கிக் கீழே வைத்தார். ஏழு மாதமாகக் கிட்டே வராத மனிதர், கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்து, கோணல் நகமும் ஊறிப்போன தோலுமாக இருந்த அந்தப் பாதத்தை இரண்டு கைகளாலும் எடுத்து மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டார். பட்டறை வேலை செய்து காய்த்துப்போன கைகள்.

"ஐயோ, பொண்டாட்டி காலைப் போய்..." என்று மங்களம் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"வலிக்குதா?" என்றார் அவர்.

"இல்லை" என்றேன். அது கும்பிடு அல்ல.

பெரிய டாக்டர் டிஸ்சார்ஜ் கடிதத்தை நர்ஸிடமிருந்து வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. ஏப்ரல் 29ஆம் தேதிக்குக் கேஸ் ஷீட்டில் அவர் என்ன எழுதியிருந்தார் என்று பின்னால் பார்த்தேன். "நோயாளி மரியாதைக் குறைவாகப் பேசினார்." இருபது வரிகளில் உண்மையான வரி அது ஒன்றுதான்.

மருந்தின் வீரியம் நாலு மணி பத்து நிமிஷம் இருந்தது. அத்தனை நேரமும் என் கணவர் மடியிலிருந்து என் பாதத்தை இறக்கவில்லை. ஆறரை மணிக்குச் சுண்டுவிரலில் முதல் பொறி விழுந்தது. "கையை எடுங்க" என்றேன். சட்டென்று எடுத்துக்கொண்டு, கூண்டைப் பழையபடி வைத்தார்.

மே 12ஆம் தேதி ஆப்பரேஷன் நடந்தது. அது நோயைத் தீர்த்துவிட்டது என்று எழுத மாட்டேன். எரிச்சலில் பெரும்பங்கு போயிற்று. மிச்சம் வெயில் நாட்களில் வருகிறது, போகிறது. பாதம் இன்னும் சற்றுத் தொங்குகிறது. மே 21ஆம் தேதி தையல் பிரித்தார்கள். அன்று மத்தியானம் சரியாக இரண்டு இருபதுக்கு என் கணவர் வந்து, கூண்டை நகர்த்திவிட்டு, ஒன்றும் கேட்காமல் மறுபடி கையை வைத்தார். ஆறரை அடித்தது. ஏழும் அடித்தது. கையை எடுக்கச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.